யூடியூப் பார்த்தால் பேச்சு மாறுமா?

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நாலு பெற்றோர் சேர்ந்தால் ஒரு முறைப்பாடு நிச்சயம் வரும்: "பிள்ளை யூடியூப் பார்த்துப் பார்த்து இந்தியாக்காரர் மாதிரியே கதைக்குது." பக்கத்தில் நிற்பவர் உடனே, "எங்கட வீட்டில டிக்டொக். தமிழே போச்சு" என்பார். மூன்றாமவர், தன் மகள் ஆங்கிலத்தில் 'வோட்டர்' என்பதை அமெரிக்கர் மாதிரி 'வாடர்' என்கிறாள் என்று சொல்வார். அது முறைப்பாடா பெருமையா என்று கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டம்.

மூன்று பேரும் ஒரே விஷயத்தைச் சொல்வது போலத்தான் இருக்கும். உண்மையில் மூன்றும் வேறு வேறு. சமூக ஊடகம் பேச்சை மாற்றுகிறதா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்ல முடியாமல் இருப்பதும் அதனால்தான். எது மாறுகிறது என்று முதலில் பிரித்துக்கொள்வோம்.

சொல், ராகம், ஒலி

பேச்சின் மேல்தட்டில் இருப்பவை சொற்கள். 'வேற லெவல்', 'செம்ம', 'கெத்து' எல்லாம் இந்த வகை. 'கெதியா வா' என்று கூப்பிட்ட வீட்டில் 'சீக்கிரம் வா' என்று கேட்பதும், 'திறப்பு' இருந்த இடத்தில் 'சாவி' வருவதும் இதே வகைதான்.

அதற்கு அடுத்தது ராகம். குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எந்தச் சொல்லை இழுக்கிறோம் என்பது. வீடியோ தொடங்கும்போது 'வணக்கம் மக்களே' என்று கடைசியை இழுத்து ஏற்றுகிறார்களே, அது ராகம்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒலி. நாக்கு எங்கே படுகிறது, வாய் எவ்வளவு திறக்கிறது என்ற விவகாரம். ஒரு மொழி 'இவை வேறு வேறு' என்று கணக்கில் எடுக்கும் ஒலிகளை ஒலியன்கள் என்பார்கள். 'கல்', 'கள்' இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கடைசி ஒலி மட்டுமே, ஆனால் பொருள் முற்றிலும் வேறு. ஆகவே ல், ள் இரண்டும் தமிழில் தனித்தனி ஒலியன்கள்.

இங்கே கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் இலங்கைத் தமிழில் அழகான ஒரு உதாரணம் இருக்கிறது. 'நேற்று' என்பதை யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் சொல்வதைக் கவனியுங்கள். 'த' சொல்லும்போது நாக்கு நுனி பல்லில் படும். 'ட' சொல்லும்போது மேலே வளையும். அவருடைய 'ற்ற' இரண்டுக்கும் நடுவில், மேல் பல்லுக்குச் சற்றுப் பின்னால் உள்ள மேட்டில் படுகிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் இது பெரும்பாலும் 'நேத்து' ஆகி 'த'வோடு கலந்துவிட்டது. ஆங்கிலேயர் 'டீ', 'டிக்கெட்' சொல்லும்போது அவர்கள் நாக்கு படுவதும் ஏறக்குறைய அதே மேட்டில்தான். அதனால் யாழ்ப்பாணத்தவர் காதுக்கு அது தன்னுடைய 'ற்' போலக் கேட்டது; 'மார்க்கற்', 'ரிக்கற்', 'ரீவி' என்று எழுதினார். சென்னைக்காரர் காதுக்குக் கிட்டே இருந்தது 'ட'. 'மார்க்கெட்', 'டிக்கெட்', 'டிவி' என்று எழுதினார். 'ரீவி' என்ற எழுத்தைப் பார்த்து முகநூலில் சிரிப்பவர்களுக்கு: அது எழுத்துப்பிழை இல்லை. தமிழ்ச் சொல்லின் முதலில் 'ற' வராது, அதனால் 'ர' போடுகிறார்கள், அவ்வளவுதான்.

இந்த மூன்றும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. சொல் லேசானது, யாரிடமிருந்தும் வரும். போர்த்துக்கீசர் 1505இல் வந்து 1658இல் போனார்கள். கதிரை, அலுமாரி, சப்பாத்து, பாண் இங்கேயே தங்கிவிட்டன. ஆனால் அவற்றைப் போர்த்துக்கீச உச்சரிப்பில் யார் சொல்கிறார்கள்? சொல் வந்தது, நம் ஒலியை உடுத்திக்கொண்டது.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: சொல் சீக்கிரம் மாறும், ராகம் அதற்கு அடுத்தது, ஒலி மிக மெதுவானது. 'பிள்ளையின் பேச்சு மாறிவிட்டது' என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் கேட்டது சொல் மாற்றத்தை.

பார்ப்பதால் மட்டும் ஒட்டாது

லசித் மாலிங்கவின் பந்துவீச்சைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் இந்த நாட்டில் லட்சக்கணக்கில். கையைப் பார்த்தவுடனே 'மாலிங்க' என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் பார்த்ததால் மட்டும் ஒருவருக்கும் அந்தக் கை வரவில்லை. வந்தது யாருக்கு? ஒழுங்கையில் சொஃப்ட்போல் விளையாடும்போது அப்படிப் போட்டுப் பார்த்த பையன்களுக்கு. அதுவும் கூட்டாளிகள் 'ஆ, மச்சான்!' என்று கத்தியதால் திரும்பத் திரும்பப் போட்ட பையன்களுக்கு.

பேச்சும் இப்படித்தான். ஒரு உச்சரிப்பைக் கேட்டுப் புரிந்துகொள்வது ஒரு திறமை. அதை வாயில் கொண்டுவருவது வேறு திறமை. முதலாவது மிகச் சீக்கிரம் வரும். பழக்கமில்லாத உச்சரிப்பில் ஒருவர் கதைத்தால், சில நிமிடங்களில் காது அவருக்கு ஏற்ப ஒத்துப்போய்விடும். வாய் அப்படி அவசரப்படாது.

நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. தமிழ்நாட்டுப் படங்களை நாங்கள் மூன்று நாலு தலைமுறையாகப் பார்க்கிறோம், வசனங்களை மனப்பாடமாகச் சொல்கிறோம். யாழ்ப்பாணத்தில் 'வாறன்' 'வரேன்' ஆகிவிட்டதா? இல்லை. மறுபக்கம், கொழும்பு டொரிங்டன் சதுக்கத்திலிருந்து போன இலங்கை வானொலியைத் தென்னிந்தியா பல தசாப்தங்கள் கேட்டது. கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் அங்கே வீட்டுக்குப் பழகிய குரல்கள். மதுரைக்காரர் அதற்காக இலங்கைத் தமிழ் பேச ஆரம்பிக்கவில்லை. ரசித்தார், அறிவிப்பாளர் ஆக ஆசைப்பட்ட சிலர் அந்தப் பாணியைப் பழகினார்கள். அதோடு சரி.

2003இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் குழந்தைகளிடம் காட்டியது. அமெரிக்க ஆய்வாளர் பட்ரீஷியா கூலும் குழுவினரும் 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். சில குழந்தைகளுடன் சீனம் பேசும் ஆளே உட்கார்ந்து விளையாடினார், 12 தடவை. அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளை வேறுபடுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆட்கள், அதே கதைகள், ஆனால் வீடியோவில் மட்டும் பார்த்த குழந்தைகளோ? ஒன்றுமே கற்கவில்லை. ஒலிப்பதிவை மட்டும் கேட்டவர்களும் அப்படியே.

எதிரில் ஆள் இருக்கும்போது

அப்படியானால் பேச்சு எப்படித்தான் மாறுகிறது? எதிரில் நிற்பவருக்குப் பதில் சொல்லும்போது. ஒருவரோடு கதைக்கும்போது நம்மை அறியாமலே அவர் பேச்சுக்குக் கிட்டே போகிறோம்: அவர் வேகம், அவர் ராகம், அவர் சொற்கள். இதைப் பேச்சு இணக்கம் என்று சொல்லலாம். ஹவார்ட் கைல்ஸ் என்ற உளவியலாளர் 1970களில் இதை விரித்து எழுதினார். பிடித்தவரோடு கிட்டே போகிறோம், பிடிக்காதவரிடமிருந்து வேண்டுமென்றே விலகுகிறோம் என்பதும் அவர் சொன்னதுதான்.

கொழும்பில் இதைப் பார்க்க ஆய்வுகூடம் வேண்டாம். வீட்டில் 'என்ன செய்யிறியள்' என்று கேட்கும் ஒருவர், புறக்கோட்டைக் கடையில் 'என்ன செய்றீங்க' என்பார். சிங்களம் பேசும் சக ஊழியர்களோடு நாள் முழுக்க இருப்பவர் தமிழிலும் 'வருவீங்க நே?' என்று முடிப்பார். அவரைக் கேட்டால் 'நானா? நான் அப்படிச் சொல்வதே இல்லை' என்பார். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே தெரியாது.

இந்தச் சின்னச் சின்ன இணக்கங்கள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அண்டார்டிக்காவில் பார்த்தார்கள். குளிர்காலத்தில் வெளியே போக வழியில்லாத ஆய்வு நிலையம், 11 பேர், சில மாதங்கள். போவதற்கு முன்னும் அங்கே இருக்கும்போதும் அவர்கள் பேச்சைப் பதிவு செய்தார்கள். 2019இல் முடிவு வெளியானது: சில உயிரொலிகள் எல்லோருக்கும் சேர்ந்து மிக நுட்பமாக நகர்ந்திருந்தன. காதால் பிடிக்க முடியாத அளவு, கருவியால் அளக்கக்கூடிய அளவு. ஒரு புது உச்சரிப்பின் முளை அது.

யாராக இருக்க ஆசை

எதிரில் ஆள் இருந்தால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. 1961இல் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள மார்தாஸ் வின்யார்ட் என்ற தீவுக்குப் போனார். கோடைகாலத்தில் வசதியான நகரத்தவர்கள் வந்து குவியும் தீவு. தீவுக்காரர்கள் நாள்தோறும் நகரத்துப் பேச்சைக் கேட்கிறார்கள், அவர்களுக்குச் சாமான் விற்கிறார்கள். அப்படியானால் நகரத்து உச்சரிப்பு பரவியிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது எதிர்மாறு. 'இது எங்கள் தீவு, நாங்கள் இங்கேதான் இருப்போம்' என்று நினைத்தவர்களிடம் பழைய தீவு உச்சரிப்பு இன்னும் தடித்திருந்தது. வெளியே போக நினைத்தவர்களிடம் அது மெலிந்திருந்தது.

உச்சரிப்பு ஒரு அடையாள அட்டை மாதிரி வேலை செய்கிறது என்பதைக் கொழும்பில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆங்கிலத்தில் ஒரு 'ஒ' ஒலி கொஞ்சம் பிசகினால் 'நொட் பொட்' இங்கிலீஷ் என்று கேலி செய்து, எந்தப் பள்ளிக்கூடம், எந்த ஊர் என்று அளந்துவிடும் நகரம் இது. 'வாடர்' என்று சொல்லும் பிள்ளை இந்த அளவுகோலுக்கு வெளியே நிற்கப் பார்க்கிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க உச்சரிப்பை வைத்து யாரும் 'இவள் எந்தத் தெரு' என்று சொல்ல முடியாதே.

திரும்ப ஒருமுறை: ஒலி மாற இரண்டு விஷயங்கள் வேண்டும். வாயால் திரும்பத் திரும்பச் சொல்ல ஒரு சந்தர்ப்பம். அப்படிச் சொல்பவர்களில் ஒருவராக இருக்க ஒரு விருப்பம். கேட்பது வாசல் மட்டும்தான்.

போன் எதை மாற்றியது

இனித்தான் சமூக ஊடகத்தின் இடம் தெளிவாகும். சினிமாவும் வானொலியும் ஒருவழிப் பாதை, கேட்டோம், போனோம். கைத்தொலைபேசியில் நாங்களும் வாய் திறக்கிறோம். 2013இல் வட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. தட்டச்சு செய்யச் சோம்பல்படுகிறவர்கள் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். டிக்டொக்கில் ஒரு பிள்ளை யாரோ பேசிய வசனத்துக்கு வாயசைக்கிறது. சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப எடுக்கிறது. மூச்சு எங்கே, இழுவை எங்கே என்று பார்த்துப் பழகுகிறது. பிறகு லைக் வருகிறது. ஒழுங்கையில் பந்து போட்ட பையனும் கைதட்டிய கூட்டாளிகளும் இப்போது போனுக்குள் வந்துவிட்டார்கள்.

இன்னொன்று, யார் பேசுகிறார் என்பது. சினிமா நாயகன் எட்டாத ஆள். போன் திரையில் பேசுபவர் 'மக்களே, நேற்று நீங்க கேட்டீங்களே' என்று கூட்டாளி மாதிரி பேசுகிறார். அவர்களில் ஒருவராக இருக்க ஆசைப்படுவது லேசு.

இதற்குக் கிட்டிய ஆதாரம் சமூக ஊடகத்துக்கு முந்திய தொலைக்காட்சிக் காலத்திலிருந்தே இருக்கிறது. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துப் பிள்ளைகளிடம் லண்டன் உச்சரிப்பின் சில கூறுகள் வந்திருந்தன. லண்டனுக்குப் போகாத பிள்ளைகளிடமும் அவை இருந்தன. ஜேன் ஸ்டூவர்ட்-ஸ்மித் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், லண்டனில் நடக்கும் ஒரு தொடர்நாடகத்தோடு மனதால் ஒன்றிப்போய்ப் பார்த்தவர்களிடம் அந்த மாற்றம் கூடுதலாக இருந்தது. சும்மா தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருப்பது போதவில்லை. அதோடு, கூட்டாளிகளிடையே ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்த மாற்றத்தைத்தான் தொலைக்காட்சி விரைவுபடுத்தியது. தானாக எதையும் விதைத்ததாகத் தெரியவில்லை.

நம் கதைக்கு அச்சொட்டாகப் பொருந்துவது போர்த்துக்கல். சின்ன நாடு, அதே மொழி பேசும் பெரிய பிரேசில் கடலுக்கு அப்பால். 2021இல் அங்குள்ள ஒரு நாளிதழ், பிரேசில் யூடியூபர்களைப் பார்த்துப் பிள்ளைகள் பிரேசில் போர்த்துக்கீசம் பேசுகிறார்கள் என்ற பெற்றோரின் கவலையைப் பெரிதாக எழுதியது. புல்லுக்கும் பஸ்ஸுக்கும் பிரேசில் சொல்லைச் சொல்கிறார்களாம். வெள்ளவத்தை முறைப்பாட்டை அப்படியே லிஸ்பனில் மொழிபெயர்த்தது போல. அங்கேயும் முதலில் கண்ணில் பட்டவை சொற்கள்தான்.

எந்தத் தமிழ் அதிகம் கேட்கிறது என்பது எந்தச் செயலி என்பதையும் பொறுத்தது. யூடியூபில் தமிழ்நாடுதான் பெரிய கூட்டம். ஆனால் இந்தியா 2020 ஜூனில் டிக்டொக்கைத் தடை செய்தது. அதன்பின் டிக்டொக்கில் தமிழில் பேசுகிறவர்கள் இலங்கை, மலேசியா, வளைகுடா, கனடா, ஐரோப்பா என்று வேறு இடத்து ஆட்கள். 'டிக்டொக்கால் இந்தியத் தமிழ் வருகிறது' என்பவர்கள் ஒருமுறை அதைத் திறந்து கேட்கவேண்டும். பாரிஸிலிருந்து யாரோ ஒருவர் தெளிவான வடமராட்சித் தமிழில் ஏசிக்கொண்டிருப்பார்.

கமராவுக்கு ஒரு தமிழ்

இலங்கை யூடியூபர் சிலர் வீடியோவில் ஒரு தமிழும் வீட்டில் ஒரு தமிழும் பேசுவதைப் பலர் 'நடிப்பு' என்று திட்டுகிறார்கள். எனக்கு அதில் கோபம் வருவதில்லை, ஏனென்றால் வானொலிக்காரரும் அதையேதான் செய்தார்கள்.

அலன் பெல் என்ற ஆய்வாளர் நியூசிலாந்தில் இதை அழகாகப் பிடித்தார். அங்கே ஒரே கட்டடத்திலிருந்து இரண்டு வானொலிகள் இயங்கின. ஒன்று படித்த வர்க்கம் கேட்பது, மற்றது பொதுமக்கள் கேட்பது. அதே அறிவிப்பாளர்களே இரண்டிலும் செய்தி வாசித்தார்கள். அதே ஆள், அதே நாள், அதே மாதிரிச் செய்தி. ஆனால் முதல் வானொலியில் 'ட்' ஒலியை இறுக்கிச் சொன்னவர்கள் இரண்டாவதில் அதைத் தளர்த்தி 'வாடர்' பாணியில் சொன்னார்கள். மாறியது ஒன்றே ஒன்று, கேட்பவர். 1984இல் இதை வைத்து அவர் சொன்னது: பேசுபவர் தன் பேச்சைக் கேட்பவருக்கு ஏற்ப வடிவமைக்கிறார்.

கொழும்பு யூடியூபரின் கேட்பவர் யார்? பார்வை எண்ணிக்கை வேண்டும் என்றால் தமிழ்நாடு. 'கெதியா', 'விசர்', 'கதிரை' என்று பேசினால் கீழே 'சப்டைட்டில் போடுங்க' என்று கேட்கிறார்கள். 'பழம்' என்பதை 'பளம்' என்றால், அது யாழ்ப்பாணப் பேச்சில் சாதாரணம் என்று தெரியாதவர்கள் தமிழ் வாத்தியார் ஆகிவிடுவார்கள். ஆகவே கமராவுக்கென்று ஒரு தமிழ் உருவாகிறது: பாதி எழுத்துத் தமிழ், பாதி சென்னை ராகம். ஒளிப்பதிவு நின்றதும் அதே வாயிலிருந்து 'டேய், கதிரையை அங்கால போடு' வருகிறது. பிள்ளைகள் யூடியூபர் மாதிரி பேசி விளையாடும்போது நாம் கேட்பதும் இந்தக் கமராத் தமிழைத்தான்.

கொழும்பு முன்னமே கலந்த ஊர்

போனைத் திட்டுமுன் ஊரையும் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்தவர், மட்டக்களப்பார், மலையகத்தவர், முஸ்லிம்கள், செட்டியார் தெரு வணிகக் குடும்பங்கள் எல்லோரும் ஒரே வகுப்பறையில் உட்காரும் இடம் கொழும்பு. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள் வெள்ளவத்தையை நிரப்பின. பல வழக்குகள் இப்படி நெருங்கி வாழும்போது ஒவ்வொன்றிலும் துருத்திக்கொண்டிருக்கும் பகுதி தேய்ந்து, எல்லோருக்கும் பொதுவான ஒரு பேச்சு வரும். மொழியியலில் இதை வழக்குச் சமனாதல் என்கிறார்கள். வகுப்பில் 'வாறியளோ' என்று கேட்டுச் சிரிப்புக்கு ஆளான பிள்ளை அடுத்த நாள் 'வாறீங்களா' என்கிறது. இதில் யூடியூபுக்குப் பங்கே இல்லை. இது ஸ்மார்ட்போன் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது.

மலையகப் பின்னணிக் குடும்பங்களில் பலரின் பேச்சு ஆரம்பத்திலிருந்தே தமிழ்நாட்டுப் பேச்சுக்குக் கிட்டியது என்பதையும் மறந்துவிடுகிறோம். 'இந்தியத் தமிழ் மாதிரிக் கதைக்குது' என்று ஒரு பிள்ளையைச் சொல்லும்போது, பக்கத்து மேசையில் இருக்கும் கூட்டாளியின் வீட்டுத் தமிழை அது பிடித்திருக்கலாம். அப்படிப் பிடித்திருந்தால் அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மாறிவிட்டதா, விளையாட்டா?

எளிய வழி ஒன்று இருக்கிறது. லபோவ் தன் நேர்காணல்களில், 'நீங்கள் செத்துவிடுவோம் என்று பயந்த தருணம் உண்டா?' என்று கேட்பாராம். அந்தக் கதையைச் சொல்லும்போது ஆட்கள் தங்கள் பேச்சைக் கவனிப்பதை மறந்துவிடுவார்கள்; இயல்பான உச்சரிப்பு வெளியே வரும்.

பிள்ளையிடம் இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. விளையாடும்போது 'ஹாய் மக்களே' என்கிறதா? அதைக் கணக்கில் எடுக்கவேண்டாம். தம்பி பொம்மையைப் பறித்தபோது, நித்திரை வரும்போது, காய்ச்சலில் கிடக்கும்போது என்ன வருகிறது என்று கேளுங்கள். அப்போது நம் வீட்டு 'தாடா' வந்தால் ஒரு கதை, தமிழ்நாட்டு 'குடுடா' வந்தால் இன்னொரு கதை. சொல் மட்டும் மாறி 'நேற்று' பழையபடி வருகிறதா என்பதையும் கவனிக்கலாம்.

பிள்ளைக்கு வீட்டுத் தமிழ் வேண்டும் என்று நினைப்பவர்களுக்குப் போனைப் பறிப்பதை விட நல்ல செய்தி ஒன்று உண்டு. பட்ரீஷியா கூலின் சீன மொழி ஆய்வில் வீடியோ தோற்றது திரை என்பதால் அல்ல, பதில் சொல்லாததால் என்று நினைக்க இடமிருக்கிறது. 2014இல் அமெரிக்காவில் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் புதுச் சொற்களைக் கற்பித்துப் பார்த்தார்கள். பதிவு செய்த வீடியோவில் பார்த்த பிள்ளைகள் கற்கவில்லை. ஸ்கைப்பில் நேரடியாகப் பேசியவரிடமிருந்து கற்றார்கள், எதிரில் உட்கார்ந்து கற்பித்தது போலவே. அப்படியென்றால் சாவகச்சேரியில் இருக்கும் அம்மம்மாவோடு வட்ஸ்அப்பில் அரை மணி நேரம் சண்டை பிடிப்பதும் திரை நேரம்தான், ஆனால் வேறு வகைத் திரை நேரம். அம்மம்மா 'என்னடி, சாவியா? திறப்பெண்டு சொல்லு' என்று திருத்துவார். பிள்ளை வேண்டுமென்றே இன்னொரு தடவை 'சாவி' என்று சொல்லும்.